நூறு வருஷத்துக்கு அப்புறம் எங்கள் வீட்டுக் கொலு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு நவராத்திரிக்கும் பேனாவை எடுத்து உட்காருவேன். அடுப்பில் சுண்டல் விசில் அடிக்கும், எழுந்து போய்விடுவேன். விசில் ஒரு சாக்குதான். உள்ளே இருந்தது பயம். நடந்ததை நடந்தபடி எழுதினால் சாமியைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று எங்கள் நாத்தனார் முகம் திருப்பிக்கொள்வார். ஊரில் சொல்கிறபடி எழுதினால் சாமி பெயரில் பொய் எழுதின பாவம் எனக்கு. எட்டாவது படித்த எனக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் வழி தெரியவில்லை. எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதரை நினைத்துக்கொண்டு இன்றைக்கு ஆரம்பித்துவிட்டேன். சுண்டலை முதலிலேயே இறக்கி வைத்துவிட்டேன்.

நானும் என் வீட்டுக்காரரும் விருத்தாசலத்தில் ஒரு சின்ன செராமிக் பட்டறையில் வேலை செய்கிறோம். பொம்மைகளுக்குக் கண், புருவம், புடவைக் கரை எழுதுவது என் வேலை. அவர் கல்லை மாவாக அரைக்கிற பொடி அறையில் இருப்பார். சூளை ஏற்றுகிற நாளில் சூளையையும் அவர்தான் பார்ப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலை, காது, மீசை எல்லாம் வெள்ளையாக இருக்கும். நெற்றியில் இருப்பது திருநீறா பட்டறை மாவா என்று கட்டிக்கொண்ட எனக்கே சில நாள் தெரியாது.

அவருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று அந்த மீசை. இன்னொன்று சங்கு. கோயிலில் பிரதோஷத்துக்கும் மாசி மகத்துக்கும் வாத்தியம் வாசிக்கிற அடியார் கூட்டத்தில் அவர் சங்கு ஊதுகிறவர். ஒரே மூச்சில் ஊதுவார். அவர் ஊத ஆரம்பித்ததும் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டு, திருநீறு பூசி, பக்கத்தில் நிற்கிறவளிடம் "இந்தப் பொடவ எங்க எடுத்தே?" என்று கேட்பேன், அவள் கடை பெயரைச் சொல்லியும் முடிப்பாள். அப்புறம்தான் சங்கு நிற்கும்.

ஒரு மாசி மகத்தில் தேர் நகருகிற நேரம், அந்தச் சங்கு பாதியில் நின்றது. சத்தம் கம்மிற்று, ஒரு இருமல். மறுபடி ஊதினார், மறுபடி இருமல். கூட்டத்தில் இருந்த இன்னொருவர் தன் சங்கை எடுத்து ஊதிச் சமாளித்தார். வீட்டுக்கு வந்து "சங்குல விரிசல்" என்றார். வேறு சங்கு வாங்கினார். பிரதோஷத்தன்று அதிலும் விரிசல் என்றார். நான் இரண்டு சங்கையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பொம்மையில் முடி அளவு விரிசலைக் கண்டுபிடிக்கிற கண் என்னுடையது. சங்குகள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "பொடி நெஞ்சுல படிய ஆரம்பிச்சிருக்கு. படிஞ்சது போகாது. ஆனா இப்பலேருந்து மூக்கையும் வாயையும் நல்லா மூடிக்கிட்டு வேலை செஞ்சா, இதோட நிறுத்தலாம். இல்லேன்னா சங்கு இருக்கட்டும், மாடிப்படி ஏறவே முடியாது." தடியான ஒரு மாஸ்க்கும் வாங்கச் சொன்னார். வாங்கினோம். முருகர் காலண்டர் மாட்டியிருக்கிற ஆணியில் அதையும் மாட்டினார். அங்கேயே தொங்கிற்று. முருகரைப் பொடி அண்டவில்லை.

"ஏங்க, எடுத்துக்கிட்டுப் போங்க."

"மாட்டுக்கு வாய்க்கூடு போடற மாதிரி எனக்குப் போடப் பாக்கறியா புள்ள?"

"மாடு வைக்கோல தின்னக் கூடாதுன்னு போடறது அது. நீங்க மண்ணத் தின்னக் கூடாதுன்னு போடறது இது."

"மீச மடங்குது."

"மூச்சு மடங்குதே, அது பரவால்லியா?"

மீசையை நீவிக்கொண்டே கிளம்பிவிடுவார். கொரோனா காலத்திலேயே மாஸ்க்கைத் தாடைக்குப் போட்டுக்கொண்டு போன மனிதர். நான் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன்: அடுத்த மாசி மகத்துக்கு இவர் சங்கு முழுசாகக் கேட்க வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

இனி கொலுவுக்கு வருகிறேன். எங்கள் வழக்கத்தில் கொலு கிடையாது. ஆனால் வருஷம் முழுக்க ஊரார் வீட்டுக் கொலுவுக்குப் பொம்மை எழுதுகிற கை சும்மா இருக்குமா? வண்ணம் வழிந்தது, புருவம் கோணியது என்று பட்டறையில் கழித்துப் போடுகிற பொம்மைகளை முதலாளி எங்களுக்குக் கொடுத்துவிடுவார். எங்கள் வீட்டு லட்சுமிக்கு ஒரு கண் கொஞ்சம் பெரிது. செட்டியார் பொம்மையின் பக்கத்தில் இருக்கிற செட்டிச்சிக்கு மீசை போல ஒரு கறை. எல்லோரும் எங்களைப் போலத்தான் என்று அன்போடு வைத்துக் கும்பிடுவோம். படிக்குக் கீழே தரையில் வருஷத்துக்கு ஒரு புதுக் காட்சி. ஒரு வருஷம் பார்க், ஒரு வருஷம் கல்யாணம், ஒரு வருஷம் ரயில்வே ஜங்ஷன்.

அந்தப் புரட்டாசியில் கோயிலுக்குப் போய் ஆழத்துப் பிள்ளையார் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். மற்ற ஊரில் பிள்ளையார் மேடையில் இருப்பார். இங்கே படி இறங்கிப் போனால்தான் தரிசனம். மேலே நின்று குனிந்து பார்த்தபோது எனக்குத் தோன்றிற்று: இவர் முன்னாலேயே தெரிந்துகொண்டுதான் கீழே போய் உட்கார்ந்துவிட்டாரோ? மேலே புகை, தூசி, மண் எல்லாம் ஏற ஏற, இன்னும் நூறு வருஷத்தில் ஊரே இவர் பின்னால் ஆழத்துக்குப் போய்விடுமோ?

அவ்வளவுதான். கொலு கிடைத்துவிட்டது. வருகிற வழியிலேயே மகளிடம் சொன்னேன். ஏழாவது படிக்கிறவள், குதித்தாள்.

மேலே இருக்கிற காற்று கெட்டுப்போய்விட்டது. விருத்தாசலம் பூமிக்குள் இறங்கிவிட்டது. தெருவெல்லாம் படிக்கட்டு. ஷேர் ஆட்டோவுக்கு டிபன் பாக்ஸ் மாதிரி மூடி. ஜனங்கள் எல்லோருக்கும் சுட்ட மண்ணில் முகமூடி. மண்பானை தண்ணீரைக் குளிர வைக்கிற மாதிரி இந்த மண் காற்றைச் சுத்தம் செய்து கொடுக்கும். மாட்டுக்கும் உண்டு. மேலே போய் வருகிறவர்கள் வானம் பார்த்தேன் என்று கீழே வந்து கதை சொல்வார்கள். பத்தாம் நாள் விஜயதசமியன்று காற்று சுத்தமாகிவிடும். எல்லோரும் முகமூடியைக் கழற்றிவிட்டு மேலே ஏறி வருவார்கள். முன்னால் ஒருவர் சங்கு ஊதிக்கொண்டு வருவார். அவருக்குப் பெரிய மீசை.

அந்த மீசைக்காரர் யார் என்று நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியும்படி எழுதிவிடலாம் என்று இருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் மிச்ச மண்ணை எடுத்துப் பொம்மை பிடித்தேன். முகமூடிகளைத் தனியாகச் செய்தேன், ஒவ்வொன்றும் பாதி வேர்க்கடலை ஓடு அளவு. பிள்ளையாரிடம் வந்தபோது மகள் கேட்டாள்: "அம்மா, இவருக்கு எங்க மாட்டறது? வாய்க்கா, தும்பிக்கைக்கா?" தும்பிக்கை நுனிக்கு என்று முடிவு செய்து, சின்னதாக ஒரு குல்லா மாதிரி செய்தேன்.

எல்லாம் சூளையில் முதல் சூடு போய் வந்தது. வண்ணம் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் என் வீட்டுக்காரருக்குப் பிரியம் பொங்கிவிட்டது. எனக்கு ஆச்சரியம் கொடுக்க நினைத்து, சொல்லாமல் கொள்ளாமல் பொம்மைகளை எடுத்துக்கொண்டு போய் கிளேஸில் முக்கி இன்னொரு தடவை சூளையில் வைத்துவிட்டார்.

கிளேஸ் என்பது பீங்கானுக்குப் பளபளப்புக் கொடுக்கிற பால் மாதிரியான கரைசல். சூளைச் சூட்டில் கண்ணாடியாக உருகும், ஆறினால் இறுகிவிடும். உருகுகிற நேரத்தில் எது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அது அதோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஊறுகாய் ஜாடியை மூடியோடு சுடும்போது, மூடி உட்காருகிற விளிம்பில் ஈரத்துணியால் கிளேஸைத் துடைத்துவிட்டு வைப்பார்கள். என் வீட்டுக்காரர் எத்தனை ஜாடிக்குத் துடைத்திருப்பார்! பொம்மைக்குத் துடைக்கவில்லை. சின்னச் சாமான் தொலைந்துவிடும் என்று எல்லா முகமூடியையும் முகத்தில் பத்திரமாகப் பொருத்தி வேறு வைத்திருக்கிறார்.

அமாவாசை சாயங்காலம் கூடையைக் கொண்டுவந்து வைத்தார். மறுநாள் கொலு ஆரம்பம். துணியை விலக்கினேன். பளபளவென்று கண்ணைப் பறித்தது. ஒரு முகமூடியைக் கழற்றப் பார்த்தேன். வரவில்லை. இன்னொன்று. அதுவும் வரவில்லை.

"தொடச்சீங்களா?"

"எத?"

"மூடி உக்காரற எடத்த."

அவருக்குள் இருந்த சூளைக்காரர் மெதுவாக விழித்துக்கொண்டதை முகத்தில் பார்த்தேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "ஜாடின்னா கை தானா தொடச்சிருக்கும் புள்ள. மூஞ்சின்னு வுட்டுட்டேன்."

ஒன்றையாவது பிரிக்கலாம் என்று கத்தியை எடுத்தார். தேடித் தேடிச் சங்குக்காரரைத்தான் எடுத்தார். கையில் சங்கு, முகத்தில் மூடி, மூடியின் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கிற மீசை. கத்தி முனையை வைத்து நெம்பினார். 'டக்' என்று ஒரு பக்கத்து மீசை உடைந்து மடியில் விழுந்தது. தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்கு ஓடிவிட்டாள்.

"இவன் இனிமே எப்படி ஊதுவான்?" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "ஒட்ட வச்ச ஒங்களத்தான் கேக்கணும்" என்றேன்.

வேறு வழியில்லை. அப்படியே வைத்தோம். மேலே படியில் சாமிகள். கீழே அட்டையில் பள்ளம் செய்து ஆழத்து விருத்தாசலம்.

முதல் ஆளாக எதிர் வீட்டு பாய் வீட்டம்மா மகளோடு வந்தார். எங்கள் வீட்டுச் சுண்டலுக்கு அவர் வராத வருஷம் இல்லை. குனிந்து பார்த்துவிட்டு, "எங்க வூட்டுக்காரரு துபாய்ல மணல் காத்து அடிச்சா இப்படித்தான் கட்டிக்கிட்டு நிப்பாராம். வீடியோ கால்ல பாத்தா புருசன்னே தெரியாது, கண்ண வச்சித்தான் கண்டுபிடிக்கணும்" என்றார். அவர் மகள், "மாடு எப்படிங்க பெரியம்மா புல்லுத் தின்னும்?" என்று கேட்டாள். அப்போது என் வீட்டுக்காரர் நடுவில் புகுந்தார். தப்பை மறைக்க வேண்டுமே.

"ஒட்டினதில்ல பாப்பா அது. நூறு வருசமா போட்டுப் போட்டு, தோலோட தோலா வளந்துடுச்சி. பொறக்கும்போதே மூடியோடதான் பொறக்கும். மூடியில பொடி ஓட்ட இருக்கு, அது வழியா கஞ்சி குடிக்கும்."

"மாடுமா கஞ்சி குடிக்கும்?"

"கூழும் குடிக்கும்."

அன்றிலிருந்து அவருக்கு அது ஒரு வேலையாகிவிட்டது. பட்டறையிலிருந்து வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு கொலு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். வருகிற குழந்தைகளுக்கு நாளுக்கு ஒரு சேதி. அந்த ஊரில் வடை சுட்டால் வாசனை வராது, அதனால் வாசனைக்கு என்று மணி அடிப்பார்கள். முத்தம் கொடுத்தால் 'டொக்' என்று சத்தம் வரும். நடுவில் இருமல் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய் இருமிவிட்டு வருவார். வாசலில் அவர் குனிந்து நிற்பதை நான் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் நாத்தனார் கம்மாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. பூஜை புனஸ்காரத்தில் என்னை விடக் கெட்டி. வாசலிலேயே நின்று பிள்ளையாரைப் பார்த்துவிட்டார்.

"என்னாம்மா இது, புள்ளையாருக்குத் தும்பிக்கைல டம்ளர மாட்டியிருக்கீங்க?"

"மாஸ்க்கு அண்ணி."

"சாமிக்கு எதுக்கும்மா மாஸ்க்கு?"

நானும் கொஞ்சம் யோசித்து வைத்திருந்தேன். "அக்கினி நட்சத்திரத்துல சிவனுக்கு மேல தாரா பாத்திரம் கட்டறோமே அண்ணி, சொட்டுச் சொட்டாத் தண்ணி வுழ? அவருக்கு வேர்க்குதுன்னுதானே கட்டறோம்? வேர்க்குற சாமிக்குத் தூசி மட்டும் ஒத்துக்குமா?"

நாத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பிறகு அருகில் போய், மூடியை மெல்ல இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். கையை எடுத்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"வரமாட்டேங்குதே!"

"கிளேஸ் ஒட்டிக்கிச்சி அண்ணி. ஒங்க தம்பி தொடைக்காம சூளையில வச்சிட்டாரு."

"அவன் வச்சான் சரி. ஒட்ட வச்சது யாரு?" என்றார். இந்தக் கேள்வியை இன்றைக்கும் மனதில் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு நாளில் கம்மாபுரத்திலிருந்து ஆட்கள் வண்டி கட்டாத குறையாக டூவீலரில் வர ஆரம்பித்துவிட்டார்கள். 'பிள்ளையார் தானாகவே மூச்சை மூடிக்கொண்டார்' என்று சேதி. கையில் தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம். நான் ஒவ்வொருவரிடமும் கிளேஸ், கிளேஸ் என்று சொன்னேன். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு அடக்கம் ஒங்களுக்கு" என்று கண் கலங்கினார். கற்பூரப் புகையில் என் வீட்டுக்காரருக்கு இருமல் அதிகமானதுதான் மிச்சம்.

ஆயுத பூஜை வந்தது. பட்டறை லீவு. மதியம் அவர் கொலு பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைகளுக்குக் கதை விட்டுக்கொண்டிருந்தார். பாய் வீட்டம்மா மகள் சங்குக்காரரைக் கையில் எடுத்தாள்.

"பெரியப்பா, இந்தச் சங்கு மாமா எப்ப ஊதுவாரு?"

"அவன் ஊத மாட்டான் பாப்பா."

"ஏன்?"

நான் பக்கத்தில் பொரி கலந்துகொண்டிருந்தேன். வழக்கம் போல ஏதாவது அடித்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் ஆரம்பித்தார். "அதுவா, எல்லாரும் சொன்னாங்க, மேல போவும்போது மூடி போட்டுக்கடான்னு. இவன் மீச மடங்குதுன்னு போடல. போட வேண்டிய காலத்துல போடல பாரு, அதான் இப்ப கழட்ட வேண்டிய..."

அதோடு நிறுத்தி, தன் மீசையைத் தொட்டுப் பார்த்தார்.

குழந்தை விடவில்லை. "அப்பறம்?"

"அப்பறம் என்னா. சங்கக் கையில வச்சிக்கிட்டு நிக்கறான்." என் பக்கம் திரும்பாமல், "புள்ளைங்களுக்குப் பொரி குடு" என்றார். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இருமலுக்காகவும் இருக்கலாம்.

சாயங்காலம் பூஜைக்கு எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கினோம். என் தூரிகைகள், மகளின் புத்தகங்கள், அரிவாள்மணை, அவர் சங்கு இரண்டும். தீபம் காட்டும்போது பார்க்கிறேன், சங்குக்குப் பக்கத்தில் அந்த மாஸ்க். நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். நான் வைக்கவில்லை. மகளைப் பார்த்தேன், அவள் இல்லை என்று தலையாட்டினாள். ஆணியில் முருகர் காலண்டர் மட்டும் தொங்கிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப மும்முரமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் எடுத்து அதில்தான் முதல் வேலை தொடங்க வேண்டும். எடுக்காமல் விட்டால் அந்தத் தொழில் விளங்காது. எங்கள் வீட்டில் அதை மீறினவர் யாரும் கிடையாது. அவருக்கு அது தெரியாதா? தெரிந்துதான் தன்னைத் தானே மாட்டிவிட்டுக்கொண்டார்.

விஜயதசமியன்று முகத்தில் கட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார். குங்குமத்தைத் துடைக்கவில்லை, பூஜைப் பொட்டாயிற்றே. மூக்குக்கு மேல் பொட்டோடு பொடி அறைக்குள் நுழைந்தால் கூட இருக்கிறவர்கள் விடுவார்களா? "தள்ளி நில்லுங்கடா, சாமி உள்ள வருது!" என்று ஒருவர். "கற்பூரம் எங்க?" என்று இன்னொருவர். என் மேஜை வரைக்கும் சிரிப்புக் கேட்டது. அவர் பதில் பேசவில்லை. வாயைத்தான் மூடியிருந்தாரே. அடுத்த வாரம் மீசையின் இரண்டு முனையையும் கத்தரித்துக்கொண்டு வந்தார், மூடி சரியாக உட்காருவதற்காக. விளிம்பைத் துடைத்து வைக்கிறவர் அல்லவா!

கொலுவில் அன்றைக்கு யாராலும் மூடியைக் கழற்ற முடியவில்லை. மூடியோடு அப்படியே எல்லோரையும் பள்ளத்திலிருந்து எடுத்து மேல்படியில் வைத்தாள் மகள். வானம் தெரியட்டும் என்றாள்.

மாசி மகம் வந்தது. தேர் நகருகிற நேரம். கூட்டத்தில் எனக்கு அவர் தலை மட்டும் தெரிந்தது. சங்கு கிளம்பிற்று. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், திருநீறு பூசினேன். பக்கத்தில் நின்றவளிடம் புடவையைப் பற்றிக் கேட்கவில்லை, பயம். பழைய நீளம் இல்லை. டாக்டர் சொன்னதுதான், போனது போனதுதான். ஆனால் உடையவில்லை, இருமல் வரவில்லை. தானாக எங்கே முடிக்க வேண்டுமோ அங்கே முடித்தார். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு மறுபடி ஊதினார். அப்புறம் நான் அழுததில் எத்தனை தடவை ஊதினார் என்று தெரியவில்லை.

நாத்தனார் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, புள்ளையார் மகிமைய" என்றார். ஆமாம் அண்ணி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

இதை எழுதியதற்கும் அந்த மகிமைப் பேச்சுதான் காரணம். தும்பிக்கையை மூடிக்கொண்ட பிள்ளையார் கதை இப்போது பக்கத்திலுள்ள நல்லூர் தாண்டியும் போய்விட்டது. போன மாதம் பஸ்ஸில் ஒரு அம்மா எனக்கே அதைச் சொன்னார். அதில் சூளையும் இல்லை, கிளேஸும் இல்லை, ஆணியிலிருந்து இறங்கிய மாஸ்க்கும் இல்லை. அந்த அம்மாவின் வீட்டுக்காரரும் ஏதோ மில்லில் பொடியில்தான் வேலையாம், மூச்சு வாங்குகிறதாம். "ஒங்க ஊருக்கு வந்து ஒரு கற்பூரம் ஏத்தணும்" என்றார். ஏற்றுங்கள், நல்லது, ஆனால் அவரை மூக்கைக் கட்டச் சொல்லுங்கள் என்று நான் சொல்வதற்குள் அந்த அம்மா இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்வீர்கள் என்று தெரியும். சொல்லுங்கள். கையெடுத்துக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: எதையும் கூட்டாமல், எதையும் விடாமல் சொல்லுங்கள். பிள்ளையாரைச் சொல்லும்போது, துடைக்காமல் விட்ட விளிம்பையும் சொல்லுங்கள். பொட்டு வைத்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டுதான் என் வீட்டுக்காரர் பொடி அறைக்குள் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.